புள்ளியா, புதல்வனா?

போர் மூண்டுவிட்டது!

முரசு அதிரவில்லை. தூதன் சென்று வெறுங்கையுடன் திரும்பவில்லை. மன்னன் மதியமைச்சரை அழைத்து ஆலோசனை கேட்கவில்லை. மன்றத்து உறுப்பினர் எழுந்து நின்று, ஏன் இந்தப் போர், எதற்காக, எவருக்காக என்று வினவவில்லை. வீட்டின் ஒரு மூலையிலே, மேசைமீது வைக்கப்பட்டிருந்த சிறு கணிப்பொறியின் முன் அமர்ந்திருந்த சிறுவன் ஒருவன், விசைப்பலகையிலே இருந்த எழுத்துகளுள் ஒன்றைத் தொட்டான். 'டபிள்யூ' என்னும் எழுத்து. அவ்வளவுதான்! போர் அறிவிக்கப்பட்டது, பகைவனின் விமானங்கள் வானிலே வட்டமிட்டன.

கட்டுக்கதையல்ல, தோழரே! புரூஸ் ஆர்ட்விக் என்னும் அமெரிக்கப் பொறியாளர் ஆக்கி, 1980-ம் ஆண்டிலே 'ஆப்பிள் 2' என்னும் வீட்டுக் கணிப்பொறிக்காக விற்பனைக்கு வந்த 'பிளைட் சிமுலேட்டர்' என்ற விளையாட்டிலே இருந்த ஏற்பாடு இது. ஆர்ட்விக், விமானம் ஓட்டக் கற்றவர். பறத்தலைக் கணிப்பொறித் திரையிலே காட்டுவது எப்படி என்பதையே பல்கலைக்கழகத்திலே ஆய்வு செய்தவர். ஆகவே பறக்கும் பகுதியைப் பொறுப்போடு செய்திருந்தார். மூக்கை அளவுக்கு மீறி உயர்த்தினால் விமானம் வேகமிழந்து விழும்; திருப்பும்போது தடுமாறினால் தரையிலே மோதும். அதனோடு சேர்த்து, முதல் உலகப் போரின் வானச் சண்டையையும் அதிலே வைத்தார். ஆடுவோனுக்கு அளிக்கப்பட்டது, அந்தப் போரிலே பறந்த 'சோப்வித் கேமல்' விமானத்தை ஒத்த ஒன்று. சுடலாம், குண்டு வீசலாம், எதிரியின் எரிபொருள் கிடங்கை அழிக்கலாம்.

அத்தனையும் எவ்வளவு இடத்திலே? 16 கிலோபைட் நினைவகத்திலே! இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படத்தை வைக்கவும் போதாத இடம். அந்தச் சிற்றிடத்திலே ஒரு வானம், ஒரு நிலம், ஒரு விமானம், ஒரு போர்! ஆகவே நிலமென்றால் கட்டம் கட்டமாகக் கோடுகள். மலையென்றால் மேலும் சில கோடுகள். பகைவனென்றால் அருகிலே கோடுகள், தொலைவிலே புள்ளி. மனிதன்? மனிதனை வரைய நினைவகத்திலே இடமில்லை!

இந்த ஒரு தொடரைச் சற்று மனத்திலே நிறுத்தி வையுங்கள். மனிதனுக்கு நினைவிலே இடமில்லை. அன்று அது கருவியின் குறை. அதே தொடர் ஒரு மனத்தைப் பற்றியதாகுமானால், ஓர் ஆட்சியைப் பற்றியதாகுமானால், அதனை என்னவென்று அழைப்பது?

ஆர்ட்விக்கின் விளையாட்டு 1982-ம் ஆண்டிலே மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் பெயரால் ஐ.பி.எம். கணிப்பொறிக்கும் வந்தது. அதைத் தொடர்ந்து எத்தனையோ! சிட் மெயர் என்பவரும், அமெரிக்க விமானப்படையிலே விமானியாக இருந்த பில் ஸ்டீலி என்பவரும் 1982-ல் தொடங்கிய 'மைக்ரோபுரோஸ்' நிறுவனம், 1980-களின் நடுவிலே 'எப்-15 ஸ்டிரைக் ஈகிள்' என்பதை வெளியிட்டது. அதிலே தாக்கவேண்டிய இடங்கள் கற்பனை நாடுகளல்ல. லிபியா, ஹனாய், ஹைபாங்! பெயருள்ள நாடுகள், பெயருள்ள நகரங்கள். அங்கே பால் காய்ச்சினர், பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பினர், பஞ்சாங்கமோ நாட்காட்டியோ பார்த்துத் திருமணம் நடத்தினர். திரையிலே அவை தாக்கத்தக்க குறிகள்.

இங்கே எழுகிறது வினா. இல்லாத உயிரைக் கொல்பவன் குற்றவாளியா? ஒரு சொட்டுக் குருதியும் சிந்தாத போரிலே அறத்துக்கு என்ன வேலை?

"வேலையே இல்லை!" என்பார் உண்டு. "ஏனய்யா, விளையாட்டுக்குள்ளே நுழைந்து நீதி பேசுகிறீர்? நம் திண்ணைகளிலே காலங்காலமாக ஆடுபுலி ஆட்டம் ஆடவில்லையா? வெட்டுண்ட ஆட்டுக்காக எவரேனும் கண்ணீர் வடித்தாரா? சதுரங்கம் என்ற சொல்லுக்கே நாற்படை என்றுதானே பொருள்! யானையை வீழ்த்தி, குதிரையை வீழ்த்தி, மன்னனைச் சிறைப்படுத்திவிட்டு, ஆடியவர் இருவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணவில்லையா?" என்று கேட்பர்.

கேட்பது நியாயமே. மறுக்கப்போவதில்லை. திரையிலே பகை விமானத்தை வீழ்த்திய சிறுவன், மறுநாள் தெருவிலே நடப்பவனை வீழ்த்துவான் என்று கூறுவோர், அச்சத்தைக் கூறுகின்றனரேயன்றிச் சான்றைக் கூறவில்லை. அன்று ஆடிய சிறுவரிலே எத்தனையோ பேர் பொறியாளராயினர், விமானிகளாயினர், பள்ளி ஆசிரியராயினர். 1980-களிலே மேற்கு ஜெர்மனியின் தணிக்கை அமைப்பு, மைக்ரோபுரோசின் எப்-15 விளையாட்டையும், நீர்மூழ்கிப் போரைக் காட்டும் 'சைலண்ட் சர்வீஸ்' என்பதையும் இளைஞருக்குத் தீங்கானவை என்ற பட்டியலிலே சேர்த்தது. இரண்டு உலகப் போர்களின் தழும்பு தாங்கிய நாடு அஞ்சியதிலே வியப்பில்லை. ஆனால், பூட்டுப் போடுவது சிந்தனைக்கு மாற்றாகாது. கூடாது என்று மட்டும் கூறி, ஏன் கூடாது என்று கூறாதவன், கேள்வியைக் கொல்கிறான், குற்றத்தை அல்ல.

போலிப் பறத்தலால் உண்மை உயிர்கள் பிழைத்த கதையும் உண்டு. அமெரிக்காவின் பிங்காம்டன் நகரிலே இசைப்பெட்டிகள் செய்யும் பட்டறையிலே வளர்ந்தவர் எட்வின் லிங்க். இசைக்கருவிக்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கொண்டே, தரையைவிட்டு எழாமல் விமானம்போல் சாய்ந்து திரும்பும் ஒரு பெட்டியை 1929-ல் செய்தார். முதலிலே அதனைக் கேளிக்கை என்றே உலகம் கண்டது. பொழுதுபோக்குப் பூங்காக்களிலே காசு கொடுத்து ஏறி ஆடி மகிழ்ந்தனர். 1934-ல், அமெரிக்கத் தரைப்படையின் விமானிகள் அஞ்சல் மூட்டைகளோடு மூடுபனியிலும் புயலிலும் பறந்து, ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். அப்போதுதான் படைத்துறை, அந்தப் பூங்காப் பெட்டிகளிலே ஆறினை விலைக்கு வாங்கிற்று. பிறகு பல்லாயிரம் விமானிகள் அதிலே பயின்றனர். பெட்டிக்குள்ளே விழுந்து பழகியவன், வானிலே விழாமல் திரும்பினான். ஆக, பொய்யாகப் பறப்பது பிழையன்று.

அப்படியானால் பிழை எங்கே? புள்ளியிலே இருக்கிறது, தோழரே, புள்ளியிலே!

பழனிமலைத் தொடரின் மீது, ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலே இருக்கிறது கோடைக்கானல். அங்கே செங்குத்தான சரிவின் விளிம்பை ஒட்டி, 1872-ல் கோக்கர் என்ற ஆங்கில அதிகாரி அமைத்த நடைபாதை ஒன்று உண்டு. மேகம் விலகிய வேளையிலே அங்கு நின்று கீழே நோக்குவோர்க்கு, வைகைச் சமவெளி விரிந்து கிடக்கும். வயல்கள் கட்டங்கள், சாலைகள் கோடுகள், ஊர்கள் புள்ளிகள்! ஆர்ட்விக்கின் திரையிலே கண்ட நிலத்தைப் போலவேதான். மனிதன்? அங்கேயும் தென்படமாட்டான். உயரம் எதுவாயினும் இதைச் செய்யும். கண்ணின் இயல்பு அது; கண்ணைக் குறை கூறிப் பயனில்லை. ஆனால், காணப்படாதது இல்லாதது என்று முடிவு கட்டுவது கண்ணன்று, கருத்து. அங்கே குற்றம் பிறக்கிறது.

அதே கோடைக்கானலிலே புள்ளியைப் பார்க்கும் மற்றொரு முறையும் கற்பிக்கப்பட்டது. அங்குள்ள சூரிய ஆய்வுக்கூடத்திலே, 1909-ம் ஆண்டு, ஜான் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி கதிரவனின் மேலுள்ள கரும்புள்ளிகளை ஆராய்ந்தார். ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள புள்ளி! புள்ளிதானே என்று விட்டாரா? ஒளியைப் பிரித்துப் பார்த்தார்; அதனுள்ளே வாயு நடுவிலிருந்து வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டார். இன்றும் உலக விஞ்ஞானிகள் அதற்கு அவர் பெயரையே வழங்குகின்றனர். அந்தக் கரும்புள்ளிகளிலே நாம் வாழும் பூமியைவிடப் பெரியவையும் உண்டு! பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள புள்ளிக்குள் என்ன நடக்கிறது என்று அறியத் துடிக்கும் மனித அறிவு, பத்துக் கிலோமீட்டருக்குக் கீழே உள்ள புள்ளிக்குள் யார் இருக்கிறார் என்று கேட்கச் சோம்புவானேன்?

யார் இருந்தார் என்று நாமே கேட்போம். விளையாட்டிலே வரும் அதே சோப்வித் கேமல் விமானத்தை 1917-ல் உண்மையாகவே ஓட்டியவர்களுள் ஒருவர் ஹர்தித் சிங் மாலிக் என்ற சீக்கிய இளைஞர். தலைப்பாகையோடு பறந்தார், பகைவரின் குண்டுகள் காலிலே தைக்கத் தைக்கப் பறந்து திரும்பினார். எதிர்முனையிலே இருந்து நோக்கிய ஜெர்மானியனுக்கு அவர் ஒரு புள்ளி! கல்கத்தாவிலே பிறந்த இந்திரலால் ராய், 1918 ஜூலையிலே, இரண்டு வாரங்களுக்குள் பத்து வெற்றிகள் பெற்றார் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அதே மாதம் 22-ம் நாள் தாமும் சுட்டு வீழ்த்தப்பட்டார். அகவை 19! பத்து வெற்றி என்று எழுதிவிட்டோம். எதிர்ப்புறத்து வீடுகளில் அந்தப் பத்துக்கு வேறு பெயர் இருந்திருக்கும். வென்ற விமானியும் ஒரு தாயின் புதல்வன். வீழ்ந்த விமானியும் ஒரு தாயின் புதல்வன். 19 வயதிலே இரண்டுமாக ஆகிவிட்டார் ராய்.

ஏட்டிலே புள்ளி கூடுவதை வெற்றி என்கிறோம். வீட்டிலே பிள்ளை குறைவதை என்ன என்கிறோம்?

மேலே இருந்தோரைப் பற்றிப் பேசினோம். கீழே இருந்தோரை மறந்துவிடுவதற்கில்லை. நாமே கீழே இருந்தவர்கள்தாம்! 1942 ஏப்ரலிலே ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும், விசாகப்பட்டினத்தையும், காக்கிநாடாவையும், திருகோணமலையையும் தாக்கின. சென்னை நகரம் நடுங்கிற்று. வீட்டைப் பூட்டிக்கொண்டு, மூட்டை முடிச்சோடு மக்கள் உள்நாட்டை நோக்கி ஓடினர். கோடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக மூணாறுக்குச் செல்லும் மலைப்பாதையை, ஜப்பானியர் படையெடுத்து வந்தால் மேற்குக் கரைக்குத் தப்பியோடுவதற்கு என்று வெள்ளையர் அந்நாளிலே செப்பனிட்டனர். 'தப்பியோடும் சாலை' என்ற பொருள்பட ஆங்கிலத்திலே அதற்குப் பெயரும் நிலைத்தது. படையெடுப்பு வரவில்லை, ஓட்டமும் நிகழவில்லை. 1990-ம் ஆண்டிலே அச்சாலை மூடப்பட்டது. சோலைக்காடுகளுக்கிடையே அது கிடக்கிறது, மேலேயிருந்து வரும் அழிவை எண்ணிக் கீழே இருப்பவன் கொண்ட அச்சத்தின் சுவடாக!

தமிழன் அச்சத்தோடு தப்பினான் தாய்நாட்டிலே. தப்பாத இடமும் உண்டு. 1995 ஜூலை 9-ம் நாள், யாழ்ப்பாணத்தை அடுத்த நவாலியிலே, இலங்கை விமானப்படை வீசிய குண்டுகளால், தேவாலயத்திலே அடைக்கலம் புகுந்திருந்த மக்களிலே நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீட்டைவிட்டு ஓடி, நிழலென்று நம்பி ஒதுங்கிய இடமே நெருப்பாயிற்று. வானிலிருந்து நோக்கியவனுக்கு அது ஒரு கூரை, ஒரு கட்டம், ஒரு புள்ளி.

நெஞ்சு கொதிக்கிறது! கொதிக்கட்டும். ஆனால் நீதி, நம்முடைய கண்ணீருக்கு மட்டும் நிறை கூட்டும் தராசாக இருத்தல் ஆகாது. நம் இனத்தவர் வானேறியபோதும் வினா மாறவில்லை. 2009 பிப்ரவரியிலே புலிகளின் சிறு விமானம் ஒன்று கொழும்பிலே வரித்துறைக் கட்டடத்தின் மீது மோதியது. உயிர்கள் போயின, பலர் காயமுற்றனர். அந்தக் கட்டடத்திலே இருந்தோருக்கும் பெயர் உண்டு, பெற்றோர் உண்டு. மேலே யார் என்பதைப் பொறுத்துக் கீழே இருப்பவன் புள்ளியாகவோ புதல்வனாகவோ மாறுவான் என்றால், நாம் பேசுவது அறமன்று, வெறும் கட்சி.

"புள்ளி என்று எண்ணாதே, அரக்கன் என்று எண்ணிக்கொள்" என்று வேறொரு வழி காட்டுவாரும் உண்டு. பி.பி.சி. கணிப்பொறி என்று பெயர் பெற்ற பொறிக்காக 1983-ல் வெளிவந்த 'ஏவியேட்டர்' என்ற விளையாட்டிலே, ஸ்பிட்பயர் விமானத்தை ஓட்டிச் சென்று சுடவேண்டியது மனிதரை அல்ல. ஊரை அழிக்க வரும் வேற்றுலகப் பிராணிகளை! மனச்சான்றுக்குத் தொல்லை இல்லாத ஏற்பாடு. விளையாட்டிலே அது நாகரிகம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால், இந்தத் தந்திரம் நமக்குப் புதிதா? பகைவனுக்குக் கொம்பு முளைக்கச் செய்து, கோரைப்பல் பொருத்தி, அசுரன், அரக்கன் என்று ஏட்டிலே எழுதிவிட்டால், அவனைக் கொன்ற நாளைக் கொண்டாடவும் செய்யலாம் என்பதைப் புராணங்கள் நமக்குக் கற்றுத் தரவில்லையா? புள்ளியாக்குவது உயரத்தின் வேலை. அரக்கனாக்குவது கதையின் வேலை. இரண்டின் பயனும் ஒன்றே: அங்கே மனிதன் இல்லை!

மனிதன் அல்லாத ஒன்றினிடத்திலே மனிதனைக் கண்ட ஒருவனும் இந்த மலையிலே வாழ்ந்தான். பழனிக்குச் சங்ககாலப் பெயர் பொதினி. அந்தப் பகுதியை ஆண்ட ஆவியர் குடித் தலைவன் வையாவிக் கோப்பெரும் பேகன், குளிரால் நடுங்குகிறதென்று எண்ணி மயிலுக்குப் போர்வை ஈந்தான் என்பதைப் பள்ளிச் சிறாரும் அறிவர். மயில் கேட்கவில்லை. மயில் போர்த்திக்கொள்ளப் போவதுமில்லை. மடமை என்று பகுத்தறிவாளன் நகைக்கலாம். ஆனால், தன் குளிரை வைத்து வேறோர் உயிரின் குளிரை அளந்தானே, அந்த ஒரு கணத்து நெஞ்சம் இல்லையென்றால் நீதி என்பதே இல்லை!

அதே பேகனின் மறுபக்கத்தையும் சங்கப் புலவர் மறைக்கவில்லை. மனைவி கண்ணகியைத் துறந்து வாழ்ந்தான் அவன். அவள் கண்ணீர் வடித்து நின்றாள். கபிலரும், பரணரும், அரிசில் கிழாரும், பெருங்குன்றூர்க் கிழாரும் அவளுக்காகப் பாடினர். மயிலுக்கு இரங்கியவனே என்று விளித்தே, பரிசில் வேண்டாம், அவளிடம் செல் என்று கேட்டார் பரணர். எண்ணிப் பார்க்கவேண்டிய இடம் இது! நடுங்காத மயிலின் நடுக்கத்தை உணர்ந்தவன், நடுங்கும் மனைவியின் நடுக்கத்தை உணரவில்லை. ஆகவே, கற்பனையிலே இரங்குவோன் எல்லாம் அருளாளன் என்றும் கொள்ள முடியாது. கற்பனையிலே கொல்வோன் எல்லாம் கொலைஞன் என்றும் கொள்ள முடியாது. ஒருவனை அளக்கும் கோல், இல்லாததன் முன் அவன் என்ன செய்தான் என்பதன்று. உள்ளது முன்னே வந்து நிற்கும்போது, இது உள்ளது என்று அடையாளம் காண்கிறானா என்பதே!

சிறுவன் திரையைப் பார்த்து, "அங்கே யாருமில்லை" என்கிறான். அவன் சொல்வது உண்மை. அதே சொல்லை, உண்மையாகவே மனிதர் இருக்கும் இடத்தைப் பார்த்து ஒருவன் சொல்வானானால் அது பொய். உயிர் குடிக்கும் பொய். விளையாட்டு போராகிவிடும் என்று அஞ்சினர் அந்நாளில். நாம் அஞ்சவேண்டியது, போர் விளையாட்டின் வடிவை மேற்கொண்டதைப் பார்த்து!

1988 ஜூலை 3-ம் நாள், பாரசீக வளைகுடாவிலே அமெரிக்காவின் வின்சென்ஸ் என்ற போர்க்கப்பலின் திரைகளிலே ஒரு புள்ளி தென்பட்டது. தாக்க வரும் போர்விமானம் என்று கொண்டனர், ஏவுகணை பாய்ந்தது. அது துபாய்க்குச் சென்றுகொண்டிருந்த ஈரானியப் பயணிகள் விமானம்! 290 பேர் மாண்டனர். அவருள் 66 பேர் குழந்தைகள்.

2019 பிப்ரவரி 27-ம் நாள், காஷ்மீர வானிலே இந்திய, பாகிஸ்தானிய விமானங்கள் மோதிக்கொண்ட காலையிலே, புட்காம் அருகே ஒரு புள்ளி தென்பட்டது. இந்திய விமானப்படையின் ஏவுகணையே அதனை வீழ்த்தியது. அது இந்திய விமானப்படையின் ஹெலிகாப்டர்! படையினர் அறுவரும், கீழே நின்ற குடிமகன் ஒருவரும் மாண்டனர். பெரும்பிழை என்று விமானப்படைத் தளபதியே அவ்வாண்டு அக்டோபரிலே ஒப்புக்கொண்டார். பகைவன் என்று எண்ணிய புள்ளிக்குள் இருந்தவர் சொந்தப் புதல்வர்! அதே ஆண்டு ஜூலை 31-ம் நாள், இளைஞரை ஈர்க்கவென விமானப்படை கைபேசிக்கு ஒரு வான்போர் விளையாட்டை வெளியிட்டது. அதிலே வரும் வீரனின் மீசை, பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தானியரிடம் சிறைப்பட்டு மீண்ட தமிழ் விமானி அபிநந்தனின் மீசையை நினைவூட்டியது என்று நாடே பேசிக்கொண்டது. அந்நாளின் மீசை விளையாட்டுக்குள் வந்தது. அந்நாளின் ஏழு பிணங்கள் எந்த விளையாட்டுக்குள் வரும்?

2021 ஆகஸ்டு 29-ம் நாள், காபூல் நகரிலே ஒரு காரை, ஆளில்லா விமானத்தின் வழியாகப் பல மணி நேரம் திரையிலே பார்த்துக்கொண்டே இருந்தனர் அமெரிக்கப் படையினர். தண்ணீர்க் கலங்களை வெடிபொருள் என்று கொண்டனர். தாக்கினர். மாண்டவர் பத்துப் பேர். ஏழு பேர் குழந்தைகள். தவறு நேர்ந்துவிட்டது என்று பிறகு அறிவித்தனர். திரை தெளிவாகத்தான் இருந்தது. 16 கிலோபைட் அல்ல, எத்தனையோ கோடி மடங்கு நினைவகம் இருந்தது. இடம் இல்லாதது கருவியிலே அல்ல!

இப்போது போர்வீரன் எழுந்து நின்று கேட்பான். கேட்கும் உரிமை அவனுக்கு உண்டு. "ஐயா! நீர் மேசையருகே அமர்ந்து எழுதுகிறீர். நான் வானிலே இருக்கிறேன். எதிரே வருபவன் யாருடைய புதல்வன் என்று நான் எண்ணிக்கொண்டிருக்கும் நொடியிலே, அவன் என்னைச் சுட்டுவிடுவான். பிறகு என் தாய்க்கு யார் விடை கூறுவது?"

இந்தக் கேள்வியைப் பசப்பு மொழியால் தாண்டிச் செல்வது நேர்மையாகாது. 1971 டிசம்பர் 14-ம் நாள், ஸ்ரீநகர் விமானத்தளம் தாக்கப்பட்டபோது, தாக்க வந்த விமானங்களின் கூட்டத்தை எதிர்த்து எழுந்து, கடைசியிலே தனியொருவராகப் போரிட்டு மாண்டார் நிர்மல்ஜித் சிங் செகோன். அவர் சார்ந்திருந்த 18-வது படைப்பிரிவு 2020-ல் புத்துருப் பெற்றது, பழனிமலைக்கு வடமேற்கே, சூலூரிலேதான். செகோன் சுட்டது தவறென்று எவர் கூறுவார்? கீழே இருந்தோரைக் காக்க எழுந்தவர் அவர். விண்ணிலே நொடிகளுக்குள் உயிரைப் பணயம் வைத்துப் போராடுபவனிடம், நின்று நிதானித்து அறநூல் படி என்று கேட்பது அறமன்று, கொடுமை. வின்சென்சின் மாலுமிகளும் தங்கள் கப்பலுக்கு அஞ்சினர் என்பது மெய்தான்.

ஆகவேதான், தோழரே, கணக்கை வேறிடத்திலே கேட்கவேண்டியிருக்கிறது. சுடுபவனுக்கு நொடிகளே உண்டு. போரை அறிவிப்பவனுக்கோ நாட்கள் உண்டு, வாரங்கள் உண்டு; அமைச்சர் உண்டு, மன்றம் உண்டு, தூதர் உண்டு, ஏடுகள் உண்டு. புள்ளிக்குள் புதல்வன் இருப்பதைக் காண ஓய்வு உள்ளவன் அவன். காணவேண்டிய கடமை உள்ளவனும் அவனே. அந்தப் பழைய விளையாட்டிலே என் நெஞ்சை உறுத்துவது துப்பாக்கியன்று, குண்டன்று, அந்த எழுத்து! பறப்பதைப் பொறுப்போடு கற்றுத் தந்தனர். சற்றே பிசகினாலும் விழுவாய் என்று எச்சரித்தனர். போர் தொடுப்பதற்கு மட்டும் எந்தப் பயிற்சியும் வேண்டியிருக்கவில்லை. காரணம் கேட்கப்படவில்லை, விலை கூறப்படவில்லை, ஒரு விரல் போதும் என்றாயிற்று. ஓடுதளத்திலே இறங்குவது கடினம், போரிலே இறங்குவது எளிது! இந்தப் பாடத்தைச் சிறுவர் மட்டுமா கற்றனர்?

மாலையிலே திரையின் முன் அமர்ந்து, எல்லையிலே நடப்பதைக் கேட்டுவிட்டு, "அடித்து நொறுக்க வேண்டாமா! இன்னும் என்ன பொறுமை!" என்று முழங்குகிறோமே, நாம் செய்வதென்ன? விமானத்திலே ஏறப்போவது நம் பிள்ளையில்லை என்ற துணிவிலே, அந்த எழுத்தின்மீது ஆளுக்கொரு விரல் வைக்கிறோம். மக்களாட்சியிலே மன்னனின் முரசு மக்களிடம் வந்துவிட்டது. முரசறையும் குற்றமும் உடன் வந்துவிட்டது. சுட்டவன் ஒருவன் என்றால், தொட்ட விரல்கள் எத்தனை கோடி!

சிறுவர் ஆடட்டும். பறக்கட்டும், விழட்டும், மீண்டும் எழட்டும். தடையும் தண்டனையும் வேண்டாம். தந்தையர் ஒன்றைச் செய்தால் போதும்: ஆடி முடித்தபின், "இதிலே வராத மனிதன் யார்?" என்று ஒருமுறை கேட்கட்டும். குழந்தை விடை காணும்; குழந்தைகள் நம்மைவிட விரைவாக விடை காண்பவர்.

நாமும் நம் ஆட்சியாளரிடம் ஒன்று கேட்போம். போர் வேண்டுமென்று எழுவோர், எத்தனை விமானம், எத்தனை ஏவுகணை என்று கணக்குக் காட்டுவதோடு நில்லாமல், அங்கே யார் இருக்கிறார் என்பதையும் கூறட்டும். வெற்றியை எண்ணிக்கையால் அறிவிப்போர், மாண்டவரைப் பெயரால் அறிவிக்கட்டும், நம்மவரை மட்டுமல்ல, அவரையும். பெயர்கள் படிக்கப்படும்போது முரசொலி தாழும். தாழாவிட்டால், அப்போது நாம் அறிந்தே தாக்குகிறோம் என்ற உண்மையாவது மிஞ்சும்.

கோடைமலையின் விளிம்பிலே இரவு வேளையில் நிற்பவருக்குக் கீழே ஊர்கள் தெரியா, விளக்குகள் தெரியும். அவையும் புள்ளிகளே. ஆனால், விளக்கு தானாக எரிவதில்லை. ஏற்றிய கை ஒன்று இருந்தாக வேண்டும். அந்த அறிவுக்குப் பெரும் படிப்புத் தேவையில்லை. போரைப் பற்றி வாய் திறக்குமுன் அது தேவை.